நான்கு வரிக்குப் பிறகு கிறுக்கல்

அத்தியாயம் 9

"வைரஸ் தாக்குதல். உள்ளே இருக்கும் நபரின் கைவரிசை" என்று அணையின் கம்ப்யூட்டர் ஆலோசகர் தன் அறிக்கையை ஒரே வரியில் முடித்திருந்தார். அதற்குக் கீழே அவர் வாங்கிய பட்டங்கள் மூன்று வரிக்கு ஓடின.

பஞ்சர் அதை இரண்டு முறை படித்தான்.

"அக்கா, இந்த ஆளு கண்டுபிடிச்சது ஒரு வரி. படிச்சது மூணு வரி. மிச்ச ரெண்டு வரியை எங்க செலவு பண்ணாருன்னு கேட்டுட்டு வரவா?"

"வாயை மூடிட்டு இந்தப் பேப்பர் சுருளோட ஒரு முனையைப் பிடி," என்றாள் சிக்னல்.

சிக்னல் என்பது அவள் பார்த்த உத்தியோகத்தால் வந்த பெயர். ரயில்வேயில் இருபத்திரண்டு வருடம் சிக்னல் இன்ஸ்பெக்டராக இருந்துவிட்டு, மேலதிகாரி ஒருவரை முட்டாள் என்று எழுத்து மூலமாகத் தெரிவித்து வெளியே வந்தவள். துப்பறியும் தொழிலுக்கு வந்த பிறகும் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. அவளுடைய உதவியாளனுக்கு வயது நாற்பத்து மூன்று, தலையில் முடி கிடையாது, வாயில் பூட்டு கிடையாது. எவன் ஊதிக்கொண்டு வந்து நின்றாலும் ஒரே வார்த்தையில் காற்றைப் பிடுங்கிவிடுவான் என்பதால் பஞ்சர்.

இருவரும் நின்றுகொண்டிருந்தது அணையின் கட்டுப்பாட்டு அறையில். மணி ஒன்றேகால். மூன்று மணிக்குத் தலைமைப் பொறியாளர் வந்து விசாரணையை முடித்து வைப்பார். முடித்து வைப்பது என்றால், மூலையில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஆபரேட்டரை வேலையை விட்டு நீக்கி, போலீஸ் கையில் ஒப்படைப்பது. உத்தரவு ஏற்கெனவே டைப் அடித்துத் தயாராக இருப்பதாக வாசலில் நின்ற காவலாளியே சொன்னான்.

மூன்று வாரத்துக்கு முன்னால், காலை பதினொன்று இருபதுக்கு, அணையின் இரண்டாவது கதவு யாரும் கேட்காமல் தானே தூக்கிக்கொண்டது. கீழே முழங்கால் தண்ணீரில் வேனை நிறுத்திக் கழுவிக்கொண்டிருந்த ஒருவனை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்ப் பாறையில் மோதியது. இடது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. அந்த நேரத்தில் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவள் ஆபரேட்டர் ஒருத்திதான். கால் முறிந்தவன் அவளுடைய கொழுந்தன். வீட்டைப் பாகம் பிரிப்பதில் இரண்டு பேருக்கும் தகராறு. முந்தின நாள் சாயங்காலம் "ஆத்தோட போ!" என்று அவள் அவனைத் திட்டியதைத் தெருவே கேட்டிருக்கிறது. யோசிக்கச் சோம்பல்படுகிறவர்களுக்கு இவ்வளவு வசதியான வழக்கு வருடத்துக்கு ஒன்றுதான் கிடைக்கும். அதை யாரும் விடுவதாக இல்லை.

சிக்னல் காகிதச் சுருளைத் தரையில் நீளமாக விரித்தாள். மூலையில் இருந்த பழைய பிரிண்டர் அடித்துத் தள்ளிய காகிதம் அது. அணையின் கதவுகளை ஆட்டிப் படைக்கும் மெஷின் தனக்குள் நடப்பதையெல்லாம் ஒரு கேபிள் வழியாக வரிவரியாகச் சொல்லிக்கொண்டே இருக்கும். பிரிண்டர் அதை அப்படியே காகிதத்தில் அடித்துக்கொண்டே இருக்கும். பதினோரு வருடமாக இப்படித்தான் நடக்கிறது. விபத்து நடந்த அன்று மட்டும் காகிதம் முழுக்கக் கேள்விக்குறிகளும் கட்டங்களும் அரைகுறை எழுத்துகளும் கொட்டிக் கிடந்தன.

"எனக்குத் தெரிஞ்ச ஒரு டாக்டர் இப்படித்தான் மருந்துச் சீட்டு எழுதுவாரு," என்றான் பஞ்சர். "ஆலோசகர் இதைப் பாத்துட்டுத்தான் வைரஸ்னாரா?"

"அவரு இதைப் பாக்கலையே," என்றாள் ஆபரேட்டர். முதல் முறையாக வாயைத் திறந்தாள். "அவரு இந்த ரூமுக்குள்ள வரமாட்டாரு. பிரிண்டர் சத்தம் அவருக்கு ஒத்துக்காதாம். ஒரே ஒரு பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து மேல கண்ணாடி ரூமுக்கு அனுப்பச் சொன்னாரு."

"எந்தப் பக்கம்?"

"நடுவுல ஒண்ணு."

சிக்னல் சிரித்தாள். அந்தச் சிரிப்பு பஞ்சருக்குப் பழக்கம். யாரோ ஒருவருடைய மானம் கப்பலேறப் போகிறது என்று அர்த்தம்.

"பஞ்சர், கிறுக்கல் ஆரம்பிக்கிற இடத்துக்குப் போ. அதுக்கு மேல என்ன இருக்கு?"

அவன் மண்டியிட்டுப் பார்த்தான். கிறுக்கலுக்கு மேலே நான்கு வரிகள் கண்ணாடிபோலத் தெளிவாக இருந்தன. மெஷின் புதிதாக விழித்துக்கொள்ளும்போது சொல்லும் வரிகள். விழித்தேன், நினைவகத்தைச் சோதித்தேன், இன்ன ப்ரோக்ராமை ஏற்றுகிறேன், ஏற்றிவிட்டேன். ஐந்தாவது வரியிலிருந்துதான் பைத்தியம் பிடித்திருந்தது.

"மூணாவது வரியைப் படி."

"ஏற்றப்படுவது: டர்போ."

"இப்ப இதைப் படி." ஆறு மாதத்துக்கு முந்தைய ஒரு சுருளை அவன் பக்கம் தள்ளினாள். அன்றும் மெஷின் ஒரு முறை விழித்திருக்கிறது. அதே நான்கு வரிகள். மூன்றாவது வரியில் மட்டும் 'டர்போ' இல்லை, 'கெர்னல்' என்று இருந்தது. அதற்குக் கீழேயும் எல்லாம் சுத்தமாக இருந்தது.

"டர்போன்னா என்னக்கா? ஃபேன் பேரு மாதிரி இருக்கு."

சிக்னல் விபத்து நாள் காகிதத்தைக் கையில் எடுத்தாள். அந்த நான்கு வரிகளை மட்டும் மேலே தெரியும்படி மடித்து, ஒரு உறைக்குள் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். பிறகு ஆபரேட்டரின் எதிரே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"மெஷின் தானா தூங்கித் தானா முழிக்காது. அன்னிக்கு யாரு ரீஸ்டார்ட் பண்ணா?"

ஆபரேட்டர் தன் உள்ளங்கைகளைப் பார்த்தாள். அன்றைக்குக் கதவு தூக்கியதும் மோட்டாரின் மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, இருபத்தைந்து நிமிடம் கைச்சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிக் கதவைக் கீழே இறக்கியவள் அவள்தான். கொப்புளம் உடைந்த தழும்புகள் இன்னும் சிவப்பாக இருந்தன. விசாரணைக் குழுவில் ஒருவர்கூட அந்தக் கையைப் பார்க்கவில்லை.

"நான்தான்," என்றாள்.

மண்டியிட்டிருந்த பஞ்சர் எழுந்துவிட்டான். "என்னம்மா இது? மெஷினைத் தொடவே இல்லன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க!"

"ஸ்க்ரீன் உறைஞ்சு போச்சு. உறைஞ்சா அந்தச் சிவப்புப் பட்டனை அமுக்கணும்னு அங்க செவுத்துலயே எழுதி ஒட்டியிருக்கு. பதினொண்ணு ஒம்பதுக்கு அமுக்கினேன். ஒரு நிமிஷத்துல ஸ்க்ரீன் நல்லா வந்துடுச்சு. பதினொண்ணு இருபதுக்குக் கதவு தூக்கிடுச்சு. அமுக்கினேன்னு சொன்னா நான்தான் திறந்தேன்னு சொல்லிடுவாங்கன்னு பயந்துட்டேன்."

"சொல்லாமலேயும் அதைத்தானே சொன்னாங்க!"

"அது அப்புறம்தானே தெரிஞ்சுது."

பஞ்சர் அறையில் இரண்டு நடை நடந்தான். வந்த வேலை அவ்வளவுதான் என்று நினைத்தான். அவள் ஒரே ஒரு பொய் சொல்லியிருக்கிறாள். ஆனால் அதுதான் வழக்கின் நட்டநடுவில் உட்கார்ந்திருக்கிறது. மூன்று மணிக்கு யாராவது கேட்டால் முடிந்தது கதை. சிக்னலோ ஸ்டூலை விட்டு இறங்கி, பிரிண்டர் மேஜைக்கு அடியில் தவழ்ந்துகொண்டிருந்தாள்.

"அக்கா, ஒளிஞ்சுக்க வேண்டியது நாமதான். ஆனா இப்பவே வேண்டாம்."

"டார்ச் அடி."

மெஷினிலிருந்து வந்த கேபிள் பிரிண்டருக்குப் போவதற்கு முன்னால் இரண்டாகப் பிரிந்தது. ஒரு கிளை பிரிண்டருக்கு. இன்னொரு கிளை மேஜைக்கடியில் தூசி மூடிக் கிடந்த சாம்பல் நிறப் பெட்டி ஒன்றுக்கு. பெட்டியில் பச்சை விளக்கு ஒன்று எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் எரியாத சிவப்பு விளக்கு. கீழே ஒரு சின்னக் குமிழ். அதன் முள் பத்து என்ற எண்ணில் நின்றது. பெட்டியின் பின்னாலிருந்து தடித்த ஒயர் ஒன்று சுவருக்குள் போனது.

"இது என்னம்மா?"

"தெரியலம்மா. நான் வேலைக்கு வந்ததுலேருந்து இருக்கு. பச்சை லைட் எரியும். வேற ஒண்ணும் செய்யாது."

சிக்னல் முழங்காலில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். "பட்டனை அமுக்கினதை நீங்களே அவங்ககிட்டச் சொல்லுங்க. முதல்லயே சொல்லுங்க. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

அடுத்தது கண்ணாடி அறை.

மாடியில் இருந்தது. குளிர்சாதனம், மெத்தை நாற்காலி, சுவரில் சட்டம் போட்ட பட்டங்கள். ஆலோசகர் லேப்டாப்புக்கு முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வந்தவர்களை உட்காரச் சொல்லவில்லை. எழுந்திருக்கவும் இல்லை. சிலருக்குப் பதவி கிடைத்தால் முதுகெலும்பு நாற்காலியோடு ஒட்டிக்கொள்கிறது.

"அஞ்சு நிமிஷம்தான் தரமுடியும்," என்றார்.

"போதும் சார்," என்றான் பஞ்சர். "உங்க பட்டத்தைப் படிக்கவே நாலு நிமிஷம் ஆகும். மிச்ச ஒரு நிமிஷத்துல கேஸைப் பேசிடலாம்."

ஆலோசகர் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார். பஞ்சருக்கு அதுதான் ஆச்சரியமாக இருந்தது.

சிக்னல் மிகவும் பணிவாகக் கேட்டாள். அவள் பணிவாகப் பேசினால் எதிரில் இருப்பவன் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும்.

"மெஷின் சொல்றதை நீங்களும் இங்கேருந்து பாக்கலாமா சார்?"

"அதே கேபிளை மேலே இழுத்திருக்கேன். பாருங்க." லேப்டாப்பைத் திருப்பினார். திரையில் மெஷினின் வரிகள் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. "பாத்தீங்களா, எவ்வளவு மெதுவு! நொடிக்கு ஒம்பதாயிரத்து அறுநூறு பிட். ஆமை. போன நூற்றாண்டுல எவனோ வெச்சது. இதை உக்காந்து பாக்கிறதுக்குள்ள நமக்கு வயசாயிடும்."

"இதை வேகமாக்க முடியாதா?"

"முடியாதா!" ஆலோசகர் இப்போது நிமிர்ந்து உட்கார்ந்தார். "கெர்னல்னு ஒண்ணு இருக்கு. மெஷினோட மூளைன்னு வெச்சுக்குங்க. அது எந்த வேகத்துல பேசணும்ங்கிறதை உள்ளேயே ஒரே ஒரு வரில எழுதியிருக்கும். அந்த வரியை மாத்தி கெர்னலைப் புதுசா கட்டணும். பன்னிரண்டு மடங்கு வேகம். ஒரு லட்சத்துப் பதினைஞ்சாயிரத்து இருநூறு. இதெல்லாம் உங்களுக்குப் புரியாது."

"புரியாது சார்," என்றாள் சிக்னல். "அப்படி வேகமாக்கினா லேப்டாப்புல எல்லாம் தெளிவாத் தெரியுமா?"

"அருமையாத் தெரியும். முதல்ல ஒரு நாலு வரி மட்டும் கண்டபடி வரும். அது மெஷின் தூக்கக் கலக்கத்துல உளர்றது. அதைக் கண்டுக்கக் கூடாது."

பஞ்சர் வாயைத் திறந்தான். சிக்னல் அவன் காலை மிதித்தாள். அவன் வாயை மூடிக்கொண்டான்.

"விபத்துக்கு அப்புறம் மெஷினை நீங்கதான் சுத்தம் பண்ணீங்களாமே?"

"வைரஸ் வந்தா வேற என்ன பண்றது? இங்கேருந்தே எல்லாத்தையும் அழிச்சுட்டுப் பழைய மூலப் பிரதியையே மறுபடி ஏத்திட்டேன். அதுக்கப்புறம் அந்தக் கிறுக்கல் வரவே இல்ல பாருங்க. அதுவே வைரஸ்ங்கிறதுக்குச் சாட்சி."

"அதுக்கு முன்னாடி மெஷின்ல யாராவது ஏதாவது மாத்தியிருக்காங்களா?"

"ரெண்டு வருஷமா ஒரு மாற்றமும் இல்ல. எழுத்துப்பூர்வமாவே குடுத்திருக்கேன்."

வெளியே வந்ததும் பஞ்சர் படிக்கட்டிலேயே நின்றுவிட்டான்.

"அக்கா! காகிதத்துல நாலு வரி தெளிவு, அப்புறம் உளறல். இவரு லேப்டாப்புல நாலு வரி உளறல், அப்புறம் தெளிவு. ரெண்டையும் பக்கத்துல வெச்சா பல்லும் பொக்கையும் மாதிரி பொருந்துது. இந்த ஆளே வேகத்தை மாத்திட்டு, வைரஸ்னு சத்தியம் பண்றானா? இப்பவே போய்ச் சட்டையைப் பிடிக்கலாம் வா."

"பிடிச்சா? டிஸ்கை அழிச்சாச்சு. இல்லன்னு சொல்லிடுவான். நம்ம பேச்சை விட அவன் பட்டம் நீளம்." சிக்னல் கீழே இறங்கினாள். "அதோட, பிரிண்டர் உளறினதுக்கும் கதவு திறந்ததுக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பாங்க. பேப்பர் கெட்டுப்போனா யாரு காலும் உடையாது."

"என்னதான் சம்பந்தம்?"

"மூணு மணிக்குத் தெரியும். அதுவரைக்கும் நீ ஒரே ஒரு வேலை பண்ணு. அவருக்குக் காத்து அடி. இன்னிக்குப் பிடுங்கக் கூடாது."

தலைமைப் பொறியாளர் மூன்று ஐந்துக்கு வந்தார். எல்லாவற்றையும் சீக்கிரம் முடித்துவிட வேண்டும் என்பதைத் தவிர வாழ்க்கையில் வேறு கொள்கை இல்லாத மனிதர். கையில் டைப் அடித்த உத்தரவு இருந்தது. பேனா மூடியைக்கூடக் கழற்றியிருந்தார்.

ஆபரேட்டர் எழுந்து நின்று, பட்டனை அமுக்கியதைச் சொன்னாள். ஒன்றையும் விடாமல் சொல்லி முடித்தாள்.

"ஒப்புக்கிட்டாச்சு. அப்புறம் என்ன?" என்று அவர் காகிதத்தில் பேனாவை வைத்தார்.

"ஒரே ஒரு சோதனை ஐயா," என்றாள் சிக்னல். "அன்னிக்கு நடந்த மாதிரியே இன்னிக்கும் மெஷினை ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிப் பாக்கணும். கதவு மோட்டாரோட மெயின் ஸ்விட்சை அணைச்சுட்டோம், ஆபத்து ஒண்ணும் இல்ல. இதை நீங்க பத்திரமா வெச்சுக்குங்க. கடைசில பிரிச்சாப் போதும்." ஒட்டிய உறையை அவர் கையில் கொடுத்தாள்.

தலைமைப் பொறியாளர் கடிகாரத்தைப் பார்த்தார். ஆலோசகரைக் கீழே வரச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். இரண்டு வருடத்தில் முதல் முறையாக அவர் அந்த அறைக்குள் காலெடுத்து வைத்தார். லேப்டாப்பைக் குழந்தைபோல நெஞ்சோடு அணைத்திருந்தார். அதைக் கேபிளில் சொருகினார்கள். வரிகள் மெதுவாக இறங்கின.

"இதை எல்லாம் பாத்து முடிக்க சாயங்காலம் ஆயிடும் போலிருக்கே," என்று பெருமூச்சு விட்டான் பஞ்சர். "பாவம், ஐயாவுக்கு வேற வேலை இருக்கும். இதை வேகமாக்கறதுக்குத் தலைநகரத்துலேருந்து பெரிய ஆள் யாராவது வரணும் இல்லீங்களா சார்?"

"பெரிய ஆளா? எதுக்கு? இதோ நான் இருக்கேன்."

"அப்படியா! ஆனா கெர்னலைக் கட்ட மணிக்கணக்கா ஆகும்னு சொல்றாங்களே."

"எனக்கு ஆகாது." ஆலோசகர் சட்டைப் பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்தார். முகத்தில் அப்படி ஒரு பெருமிதம். "கையோட கட்டி வெச்சிருக்கேன். ஐயா அனுமதி குடுத்தா ரெண்டே நிமிஷம்."

"ஏதோ சீக்கிரம் பண்ணுங்க," என்றார் ஐயா.

ஆலோசகர் பென் டிரைவை மேஜைக் கம்ப்யூட்டர் ஒன்றில் சொருகினார். சுவரில் இருந்த பெரிய திரையில் அதற்குள் இருந்தது தெரிந்தது. ஒரே ஒரு கோப்புறை. அதன் பெயர் டர்போ. அவர் அதை மெஷினுக்குள் நகலெடுத்தார், அடுத்த முறை விழிக்கும்போது இதையே ஏற்று என்று ஒரு வரியைத் தட்டினார், லேப்டாப்பையும் புது வேகத்துக்கு மாற்றினார், சிவப்புப் பட்டனை அமுக்கினார். பஞ்சர் இரண்டு கைகளையும் பேண்ட் பாக்கெட்டுக்குள் திணித்துக்கொண்டான். இல்லாவிட்டால் கைதட்டியிருப்பான்.

மெஷின் விழித்தது. பிரிண்டர் நான்கு வரிகளைப் பளிச்சென்று அடித்தது. லேப்டாப் திரையில் நான்கு வரிகள் குப்பையாக வந்தன. பிறகு லேப்டாப் மடமடவென்று தெளிவாக ஓட ஆரம்பித்தது. பிரிண்டர் கேள்விக்குறிகளையும் கட்டங்களையும் அரைகுறை எழுத்துகளையும் கக்க ஆரம்பித்தது.

"பாருங்க வேகத்தை!" என்று லேப்டாப்பைக் காட்டினார் ஆலோசகர். அவர் முதுகுக்குப் பின்னால் பிரிண்டர் அலறிக்கொண்டிருந்தது.

தலைமைப் பொறியாளர் லேப்டாப்பைப் பார்க்கவில்லை. பிரிண்டரைப் பார்த்தார். "இது... அந்தக் கிறுக்கல் இல்ல?"

ஆலோசகர் திரும்பினார். காகிதத்தை எடுத்தார். தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். "வைரஸ்," என்றார் கடைசியில். "மறுபடியும்..."

"வைரஸ் இப்ப எங்கேருந்து வந்துச்சு சார்? உங்க பாக்கெட்டுலேருந்தா?" என்றான் பஞ்சர். கண்ணாடி அறையிலிருந்தே அடக்கி வைத்தது அது.

"அவசரப்படாதீங்க," என்றாள் சிக்னல். "எல்லாரும் உக்காருங்க. இன்னும் பத்து நிமிஷம் இருக்கு."

"எதுக்குப் பத்து நிமிஷம்?"

அவள் மேஜைக்கடியிலிருந்த சாம்பல் நிறப் பெட்டியை வெளியே இழுத்து எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்தாள். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பத்து நிமிடம் ஓர் அறையில் நான்கைந்து பேர் சும்மா உட்கார்ந்திருப்பது லேசான காரியம் இல்லை. ஆலோசகர் மூன்று முறை தொண்டையைக் கனைத்தார். தலைமைப் பொறியாளர் பேனாவை மூடினார், திறந்தார், மூடினார். ஆபரேட்டர் மட்டும் பெட்டியையே வெறித்துக்கொண்டிருந்தாள்.

பச்சை அணைந்தது. சிவப்பு எரிந்தது. சுவருக்குள் எங்கோ ஒரு ரிலே ஸ்விட்ச் டக்கென்று அடித்தது. சுவரில் இருந்த பலகையில் இரண்டாவது கதவுக்கு நேராக மணி அலறியது. 'தூக்கு' என்ற கட்டளை விளக்கு மினுக் மினுக்கென்று எரிந்தது. அந்தப் பலகைக்குப் பத்தடிக்குள் யாரும் இல்லை.

ஆபரேட்டர் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மோட்டாருக்குக் கரண்ட் இருந்திருந்தா இப்ப கதவு தூக்கியிருக்கும்," என்றாள் சிக்னல். "ரயில்வேல ஒரு பழக்கம் உண்டு. லைன்ல சத்தம் நின்னுபோச்சுன்னா சிக்னல் தானா சிவப்புக்குப் போயிடும். சந்தேகம் வந்தா வண்டியை நிறுத்து. அணையில சந்தேகம் வந்தா கதவைத் திறக்கணும், இல்லன்னா தண்ணி கரையை உடைச்சுட்டுப் போயிடும். இந்தப் பெட்டி அதுக்குத்தான். மெஷின் இந்த கேபிள் வழியா நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்னு சொல்லிட்டே இருக்கும். பெட்டி கேட்டுட்டே இருக்கும். பத்து நிமிஷம் அது காதுல விழலன்னா மெஷின் செத்துப்போச்சுன்னு முடிவு பண்ணிக் கதவைத் தூக்கிடும்."

"மெஷின்தான் பேசிட்டே இருந்துச்சே," என்றார் தலைமைப் பொறியாளர்.

"பன்னிரண்டு மடங்கு வேகத்துல. பெட்டிக்குப் பழைய வேகம் மட்டும்தான் புரியும். பிரிண்டருக்கும் அப்படித்தான். பிரிண்டர் புரியாததைக் கிறுக்கிச்சு. பெட்டி பயந்துபோய்க் கதவைத் திறந்துச்சு. ஒரே கேபிள்ல யார் யார் காது வெச்சுக் கேக்கறாங்கன்னு இவரு பாக்கல. மெஷினை எழுப்பிவிடற ப்ரோக்ராம் வேற, கெர்னல் வேற. ரெண்டுக்கும் தனித்தனியா வேகம் சொல்லணும். இவரு கெர்னலுக்கு மட்டும் சொன்னாரு. அதான் முதல் நாலு வரி பழைய வேகத்துலயே வருது. தூக்கக் கலக்கமாம்!"

"அது ஒரு சின்ன வேக அமைப்பு," என்றார் ஆலோசகர். குரல் கீச்சென்று வந்தது. "அதைப் போய் மாற்றம்னு யாரும் சொல்லமாட்டாங்க."

"உறையைப் பிரிங்க ஐயா," என்றாள் சிக்னல். "மூணாவது வரி."

தலைமைப் பொறியாளர் பிரித்தார். படித்தார். சுவர்த் திரையில் இன்னும் தெரிந்துகொண்டிருந்த கோப்புறைப் பெயரைப் பார்த்தார். பெயருக்குப் பக்கத்தில் அது கட்டப்பட்ட தேதி இருந்தது. விபத்துக்கு மூன்று நாள் முன்னால். அடுத்த முறை யார் மெஷினை எழுப்பினாலும் விழித்துக்கொள்ளட்டும் என்று உள்ளே போட்டுவிட்டு, ஒரு வார்த்தை யாரிடமும் சொல்லாமல் கண்ணாடி அறையிலேயே உட்கார்ந்துவிட்டார் அந்த மேதை.

பஞ்சர் எத்தனையோ திருடர்களைப் பார்த்திருக்கிறான். அவர்களிடம் ஒரு மரியாதை உண்டு, தாங்கள் செய்தது தவறு என்றாவது அவர்களுக்குத் தெரியும். இந்த மனிதருக்கு இன்னும் தெரியவில்லை. தன் லேப்டாப் சரியாக ஓடுகிறதா என்று இப்போதும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பார்க்கப் பஞ்சருக்கு அருவருப்பாக இருந்தது.

தலைமைப் பொறியாளர் தொண்டையைச் செருமினார். "சரி, இதைப் பெரிசு பண்ண வேண்டாம். தொழில்நுட்பக் கோளாறுன்னு எழுதிக்கலாம். நீங்க நாளைக்கே வேலைக்கு வந்துடுங்கம்மா."

"கோளாறுன்னு எழுதாதீங்க சார்," என்றாள் ஆபரேட்டர். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "நான் திறந்தேன்னு நோட்டீஸ் போர்டுல ஒட்டினீங்களே, அதுல என் பதவி, ஊழியர் நம்பர் எல்லாம் இருந்துச்சு. கோளாறுக்கு நம்பர் கிடையாது. இவருக்கு இருக்கு. அதைப் போட்டு ஒட்டுங்க. ஒட்டினதுக்கு அப்புறம்தான் நான் வருவேன்."

தலைமைப் பொறியாளர் டைப் அடித்த உத்தரவைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தார். ஆலோசகர் தன் ஊழியர் நம்பரைச் சொல்லச் சற்று நேரம் எடுத்துக்கொண்டார்.

வெளியே வாசலில் அவளுடைய கணவன் ஸ்கூட்டரில் சாய்ந்து நின்றிருந்தான். மூன்று வாரத்தில் ஒரு நாள்கூட உள்ளே வராதவன். செய்தி அதற்குள் காவலாளி மூலமாக அவனை எட்டியிருந்தது. முகத்தில் சிரிப்பு.

"எனக்கு அப்பவே தெரியும்," என்றான். "நீ அப்படிப் பண்ணியிருக்க மாட்டேன்னு."

"யார்கிட்டச் சொன்னீங்க?"

"என்னது?"

"அப்பவே தெரிஞ்சதை யார்கிட்டச் சொன்னீங்க? உங்க அம்மா என்னைப் பாத்து முகத்தைத் திருப்பிக்கிட்டாங்களே, அவங்ககிட்டயா? போலீஸ்காரர்கிட்டயா? என்கிட்டயாவது சொன்னீங்களா?"

அவன் ஸ்கூட்டர் கண்ணாடியைத் துடைத்தான்.

அவள் சிக்னலிடம் திரும்பினாள். "இவரு அனுப்பித்தான் நீங்க வந்தீங்கன்னு நினைச்சுட்டிருந்தேன். இவரில்லன்னா வேற யாரு?"

"உங்க கொழுந்தன்," என்றாள் சிக்னல்.

அவளுக்குப் புரியவில்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"ஆஸ்பத்திரிலேருந்து போன் பண்ணாரு," என்றான் பஞ்சர். கிண்டல் செய்ய அவனுக்கு வாய் வரவில்லை. "காலைக் கட்டித் தொங்கவிட்டிருக்காங்க. எங்க அண்ணிக்கு என்மேல கோவம் வந்தா தெருவே கேக்கற மாதிரி திட்டுவாங்க, மூணு நாள் பேசமாட்டாங்க, நாலாவது நாள் சாப்பிட்டியான்னு கேப்பாங்க. ஒளிஞ்சு நின்னு தண்ணியைத் திறந்துவிடற ஆள் அவங்க இல்ல, யாரு திறந்தான்னு கண்டுபிடிங்கன்னாரு."

அவள் கணவனைத் தாண்டி நடந்தாள். பிறகு பஞ்சரின் பழைய காரின் பின்கதவைத் தானே திறந்து உட்கார்ந்துகொண்டாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போங்க," என்றாள். "அந்தத் தண்ணில வண்டி கழுவாதடான்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன் அவன்கிட்ட. கேட்டானா? இன்னிக்கு இருக்கு அவனுக்கு. கட்டில்ல வெச்சே நாலு திட்டு..."

நாலாவது திட்டு வரைக்கும் அவளால் போக முடியவில்லை. மூன்று வாரமாக ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், முன்சீட்டின் முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதாள். பஞ்சர் வண்டியை எடுத்தான்.